போர்வையின் அடித்துணி

ஈரோடு
4-11-2024

ரம்ஜான் பீவிக்கு,

யுஸ்ராவின் நிக்காஹ் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. பால்காரருக்கும் கேபிள்காரருக்கும் போன அதே வரிசையில், பெண்ணைப் பெற்றவனுக்கும் வந்து சேர்ந்தது. 'தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கும்' என்று அச்சடித்த இடத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். என் வருகையை நானே ஆவலுடன் எதிர்பார்க்க வேண்டுமாம்.

போனில் பேச மாட்டேன். நீ ஸ்பீக்கரில் போட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பாய். போன முறை நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள், உன்னிடம் வேலை செய்யும் அந்த ஃபர்சானா, "அதெல்லாம் சும்மாங்கக்கா" என்றாள். என் குடும்ப விஷயத்தில் உன் தையல்காரிகள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் கடிதம்.

நான் வரவில்லை. காரணம் தெரியாதது போல நீ இருப்பதால் எழுதுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்துவதற்காக நான் உட்கார்ந்து படித்த முன்னறையில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணிச் சாக்குகளை அடுக்கினாய். ஒட்டுப்போர்வை தைக்கிற தொழிலாம். என் புத்தகங்கள் பரணுக்குப் போயின. "ஒன்று இந்தச் சாக்கு இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும்" என்று கேட்டேன். நீ தைத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாய்: "சாக்கை நகர்த்த ரெண்டு ஆளு வேணுமுங்க. நீங்கன்னா தனியாவே போயிக்கலாம்." நாலு பெண்கள் சிரித்தார்கள். நான் தனியாகவே போய்விட்டேன். நாலு வருஷமாகிறது.

இப்போது மாப்பிள்ளை யார்? ரிஃபத். அந்தச் சாக்குகளைத் தோளில் சுமந்து என் அறைக்குள் கொண்டுவந்து போட்ட அதே வேஸ்ட் வியாபாரி. முதலில் என் அறை, பிறகு என் மகள். எம்.காம். படித்த பெண் அவள்.

அந்த வீட்டிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பீரோவின் மேல்தட்டில், என் சட்டைகளுக்கு அடியில் என் கஃபன் துணி இருக்கிறது. நான் மௌத்தானால் பொதிந்து அடக்குவதற்கென்று, அத்தா ஹஜ்ஜில் வாங்கி மக்காவின் ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து உலர்த்திக் கொண்டுவந்த வெள்ளைத் துணி. அதை அனுப்பி வை. உயிரோடு இருப்பதற்குத்தான் உன் வீட்டில் இடமில்லை. செத்தபின் உடுத்துவதாவது என் கையில் இருக்கட்டும்.

இல்யாஸ்


கோட்டைமேடு, கோவை
9-11-2024

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தில் ஸலாம் இல்லை. பரவாயில்லை, உங்களுக்கும் சேர்த்து நானே எழுதிக்கொள்கிறேன். வஅலைக்கும் ஸலாம்.

சாக்கு விஷயத்தில் நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். மறுக்கவில்லை, சொன்னேன். ஆனால் அதற்கு முந்தின வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள். என்னிடம் சம்பளம் வாங்குகிற பெண்கள் நாலு பேர் முன்னால் என்னைக் "கந்தல் பொறுக்கி" என்று சொன்னீர்கள். அதற்கு அவர்கள் சிரிக்கவில்லை. அதனால் உங்களுக்கு மறந்திருக்கும்.

பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பியது தப்புத்தான். ஆனால் யுஸ்ரா இரண்டு தடவை போன் போட்டாள், நீங்கள் எடுக்கவில்லை. நேரில் வரட்டுமா என்று எழுதிக் கேட்டாள். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நிக்காஹ் டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு யாரும் தானாக முன்வந்து பெண்ணைக் கொடுக்க முடியாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார். நீங்கள் வந்து "என் மகளைக் கொடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அல்லது உங்கள் தம்பி தாரிக் உங்கள் சார்பில் சொல்லலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று செய்யுங்கள்.

உங்கள் புத்தகங்களையும் ஸ்வெட்டரையும் சட்டைகளையும் பார்சலில் போட்டிருக்கிறேன். துணியைத் தேடிப் பார்க்கிறேன்.

ரம்ஜான்


ஈரோடு
13-11-2024

ரம்ஜான் பீவிக்கு,

பார்சல் வந்தது. என் புத்தகங்களைச் சாக்கில் போட்டு வாய் தைத்து அனுப்பியிருக்கிறாய். புத்தகத்தை அனுப்பக்கூட உனக்குச் சாக்குதான் கிடைத்தது.

துணி வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? மூன்று தட்டுள்ள பீரோவில் மேல்தட்டு. ஒரு பிளாஸ்டிக் கவர். அதன்மேல் அரபியில் எழுதியிருக்கும். டார்ச் அடித்துத் தேட அது குகை இல்லை.

தாரிக் என் இடத்தில் நிற்க ஒரு வரியும் எழுதித் தர மாட்டேன். நான் வீட்டைவிட்டு வந்தபோது ஜமாஅத்தில் என்னைப் பற்றி, "அண்ணனுக்குப் படிப்பு தலைக்கேறிடுச்சு" என்று சொன்னவன் அவன். ஹஜ்ஜிலிருந்து வந்த அத்தா அவனுக்கு வாட்ச் கொடுத்தார், எனக்கு இந்தத் துணியைக் கொடுத்தார். அவன் அன்றைக்கு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாட்ச் ஓடாமல் போய்ப் பல வருஷமாயிற்று. என்னுடையது அப்படியே இருக்கிறது.

இங்கே கீழ்வீட்டில் தறி ஓடுகிறது. நான் குடியிருக்கும் மாடி அறையே அதிர்கிறது. இந்த ஊரிலும் எங்கே திரும்பினாலும் துணி. நடந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் போகிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். கடிதத்தை நீட்ட விருப்பமில்லை. துணியை அனுப்பு.

இல்யாஸ்


கோட்டைமேடு
19-11-2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

யுஸ்ரா தனக்கென்று ஒரு போர்வை தைத்திருக்கிறாள். கட்டிலுக்குப் போடுகிற பெரிய போர்வை. மேல்பக்கம் முழுக்க வேஸ்ட் சாக்கில் அவளே பொறுக்கிய துண்டுகள். நடுவில் என் பழைய நூல் சேலை. அடித்துணிக்கு ஒட்டில்லாத நல்ல வெள்ளையாக வேண்டுமென்று தேடியிருக்கிறாள். நான் அன்றைக்குத் திருப்பூர் போயிருந்தேன். உங்கள் பீரோவைத் திறந்திருக்கிறாள். அரபி எழுத்துப் போட்ட கவர், உள்ளே மெத்தென்று வெள்ளைத் துணி. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்ஷீட் என்று நினைத்துவிட்டாள்.

கவரில் இருந்த மூன்று விரிப்பையும் சேர்த்து மூட்டி அடியில் வைத்துக் கையாலேயே தைத்துவிட்டாள். எனக்கும் தெரியாது. முடிந்த போர்வையைப் புரட்டிப் பார்த்து, "அடித்துணி எங்க புடிச்சே, இவ்வளவு சாஃப்டா இருக்குது?" என்று நானும்தான் தடவினேன். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று பீரோவைத் திறந்து காலிக் கவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இத்தனை நாள் உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் புத்தகத்தையும் ஸ்வெட்டரையும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவளிடம் நேற்றுச் சொன்னேன். "அது கஃபனாம்மா? அதை விரிச்சுப்போட்டு நான் மேல உக்காந்து டீ குடிச்சேன்" என்றாள். அப்புறம் சாப்பிடவில்லை.

தெரியாமல் செய்தது. உங்களுக்கு ஆயுசு நீளமாக இருக்கட்டும். புதிதாக ஒன்று வாங்கி, உம்ரா போகிறவர்களிடம் கொடுத்து ஜம்ஜமில் நனைத்துக் கொண்டுவரச் சொல்கிறேன். பெரிய மனது வையுங்கள்.

ரம்ஜான்


ஈரோடு
22-11-2024

படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் போவதற்கு ஒரு துணி இருந்தது. அதைக்கூட விட்டுவைக்காமல் வேஸ்ட் துண்டுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். நான் பேசுவது உங்களுக்கு எப்போதும் கோபமாகத்தான் கேட்கும். இந்த முறை கோபமில்லை.

புதியது எனக்கு வேண்டாம். கடையில் வாங்க எனக்குத் தெரியும், நான் குடியிருப்பது ஈரோட்டில். அத்தா கையால் நனைத்த துணி வேண்டும். தையலைப் பிரித்து அதை எடுத்து அனுப்புங்கள். அது என் கைக்கு வராமல் நிக்காஹ் பற்றி எனக்கு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

இ.


கோட்டைமேடு
29-11-2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை யுஸ்ராவிடம் மறைத்து வைத்தேன். எடுத்துப் படித்துவிட்டாள். படித்து முடித்ததும் கத்தரியைத் தேடினாள். இப்போது நீங்கள் படித்த முன்னறையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். மூன்று அடுக்கையும் சேர்த்து நெருக்கி நெருக்கிப் போட்ட தையல். நூலை இழுத்தால் துணி கிழியும். ஒவ்வொன்றாக வெட்டி, ஊசி முனையால் தூக்கி எடுக்க வேண்டும். நானும் ஒரு ஓரத்தில் உட்காரப் போனேன். "நான் தெச்சது, நானே பிரிச்சுக்கறேன். நீங்க கை வைக்காதீங்க" என்றாள். அழவில்லை. அழுதால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

பழனியாத்தாளை உங்களுக்குத் தெரியும். என்னிடம் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறவள். அவள் வாய் எப்படி என்றும் தெரியும். "ஏனுங்கக்கா, செத்ததுக்கப்பறம் போத்திக்கற துணிக்கு உங்கூட்டுக்காரருக்கு இப்பவே என்னங்க அவசரம்?" என்று கேட்டாள். நான் அதட்டி வைத்தேன். நீங்கள் வேறு விதமாக நினைக்கக் கூடாதென்று எழுதுகிறேன், சொல்லிச் சிரிக்க இல்லை.

ரிஃபத் சாக்கு இறக்க வந்தான். பிரிப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். சொன்னேன். "மாமா கேக்கறது நாயந்தானுங்களே மாமி. அவுங்க அத்தா குடுத்ததாச்சுங்களே" என்றான். சாக்கை முன்னறையில் வைக்காமல் வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதையெல்லாம் உங்களை மடக்குவதற்காக எழுதவில்லை. துணி கேட்டீர்கள், வரும்.

ரம்ஜான்


ஈரோடு
7-12-2024

ரம்ஜானுக்கு,

பார்சல் நேற்று வந்தது. உள்ளே துணி மட்டும்தான் இருந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, அதே கவரில். நீ ஒரு வரி எழுதவில்லை. யுஸ்ராவும் எழுதவில்லை. கவரைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

துணியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முழுக்க ஊசித் துளை. வரிவரியாக, வயலில் நாற்று நட்ட மாதிரி நேர்கோட்டில் போகிறது. நன்றாகத்தான் தைத்திருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் கோடு கோணிப் போயிருக்கிறது. அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இன்று நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டுமா என்று காலையிலிருந்து யோசித்துவிட்டு எழுதுகிறேன். துணி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டிலில் படுத்து, ஒரு விரிப்பைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். கதவு திறந்திருந்தது. கீழே தறி வைத்திருக்கும் சின்னான், தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்ல மேலே வந்திருக்கிறார். அவர் போட்ட கூச்சலில் தறி நின்றுவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததும் கூச்சல் இன்னும் பெரிதாகிவிட்டது.

"ஏனுங்க சார், உசுரோட இருக்கறப்ப இதென்னுங்க வெளையாட்டு!"

அளவு பார்த்தேன் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர், கொஞ்சம் தெளிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அளவு பத்தாதுங்க சார். காலு ரெண்டும் வெளியில நின்னுதுங்க. அதப் பாத்துத்தானுங்க நான் பயந்தது."

அவர் போனபின் மறுபடி போர்த்திப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு. உண்மைதான். தலையை மூடினால் கணுக்கால் தெரிகிறது. தலைப்பக்கமும் கால்பக்கமும் முடிச்சுப் போட மீதி வேண்டும், மீதி எங்கே, துணியே எட்டவில்லை. மற்ற இரண்டு விரிப்பும் அப்படித்தான். ஊசித் துளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அத்தா குள்ளம், உனக்குத் தெரியும். தன் உயரத்தை வைத்து வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷம் ஒரு தடவைகூட நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பதில் போடு.

இல்யாஸ்


ஈரோடு
11-12-2024

ரம்ஜானுக்கு,

பதில் இல்லை. கடிதம் சேரவில்லையா?

துணி எனக்கு உதவாது என்று ஆகிவிட்டது. திருப்பி அனுப்புகிறேன். யுஸ்ராவை மறுபடி அடியில் வைத்துத் தைத்துக்கொள்ளச் சொல். கஃபனாக யாருக்கும் ஆகாதது வெறும் துணிதான், குற்றமில்லை. நம் ஹஜ்ரத்தைக் கேட்டுச் சொல்.

வகுப்பில் இன்று ஒரே பக்கத்தை இரண்டு தடவை நடத்தியிருக்கிறேன். ஒரு பையனும் எழுந்து சொல்லவில்லை. பக்கத்து வகுப்பு பிரான்சிஸ் சார்தான் வராந்தாவில் நின்று கேட்டுவிட்டு, "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றேன்.

இல்யாஸ்


கோட்டைமேடு
16-12-2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. கல்யாண வேலை.

சின்னான் சமாச்சாரத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அப்புறம் யுஸ்ராவிடம் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அத்தா தனியா அப்படிப் படுத்துப் பாத்தாங்களா?" என்று கேட்டாள். அதையே இரண்டு தடவை கேட்டாள்.

துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். போர்வைக்கு வேறு அடித்துணி போட்டுவிட்டாள். பீஸ் பீஸாகப் பனியன் துணியை மூட்டியதில், மேல்பக்கம் மாதிரியே அடிப்பக்கமும் ஒட்டாகிவிட்டது. முன்பிருந்த அழகு இல்லை. "பரவால்ல, ரெண்டு பக்கமும் விரிச்சுக்கலாம்" என்கிறாள்.

இனி நிக்காஹ் விஷயம். எழுத வேண்டாம் என்றீர்கள். துணி வந்துவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

ரிஃபத் வீட்டில் பேசினார்கள். அவனுடைய அண்ணன் லீவு முடிந்து சவூதி போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடக்காவிட்டால் அவர்களால் ஊரில் தலை நிமிர முடியாது, வேறு இடம் பார்ப்பார்கள். இதை அவன் அம்மா என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தாரிக் நிற்பதற்கு உங்களிடம் எப்படியாவது கையெழுத்து வாங்குங்கள் என்றும் சொன்னார். அப்போது யுஸ்ரா உள்ளிருந்து வந்து, "சின்னத்தா நின்னா எனக்கு வேண்டாங்க. எங்க அத்தா வந்து சொல்லலைன்னா அன்னிக்கு நிக்காஹ் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அவளைத் திட்டினேன். அவள் உங்கள் மகள். நான் திட்டுவதெல்லாம் அவள் மேல் ஒட்டாது.

கடைசி இரண்டு கடிதத்தில் வருவேன் என்றும் இல்லை, வர மாட்டேன் என்றும் இல்லை. முதல் கடிதத்தில் வரவில்லை என்று எழுதினீர்கள். அதுதான் முடிவென்றால் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். பிரியாணிக்கு அரிசி ஊறப்போடுவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

ரம்ஜான்


கோவை ரயில் நிலையம்
21-12-2024, சனி

ரம்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கோவைக்கு வந்துவிட்டேன். ஒன்றாம் பிளாட்பாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உள்ள பெஞ்சில் இருக்கிறேன். வெளியே போய்ப் பார்த்தேன். ஆட்டோ நிற்கும் இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். ஈரோட்டுப் பக்கம் போகிற வண்டி ஒன்று வந்து நின்று போயிற்று. ஏறவுமில்லை.

நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'என் மகள் யுஸ்ராவை' என்று நன்றாகத்தான் வருகிறது. அடுத்து அவன் பெயர் வருகிற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் நான் ஓதுகிறேன் என்று நினைத்துக் குழந்தையைச் சும்மா இருக்கச் சொன்னாள். திருப்பூர் தாண்டும்போது சன்னலில் பனியன் கம்பெனிகளைப் பார்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. பெரிய சபையில், ஹஜ்ரத்துக்கு முன்னால், தாரிக் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? வராமலே இருந்தான் என்பது ஒரு பேச்சு. வந்து உட்கார்ந்து வாய் திறக்கவில்லை என்பது வேறு பேச்சு. அது யுஸ்ராவைத்தான் போய்ச் சேரும்.

அந்த வேஸ்ட் வியாபாரிமேல் எனக்கு இன்னும் வருத்தம்தான். அதை இல்லையென்று எழுத மாட்டேன். உன்மேலும்தான். கந்தல் பொறுக்கி என்று சொன்னது மட்டும் தப்பு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

இதைக் கொண்டுவருகிற ஆட்டோக்காரர் பெயர் ஆறுச்சாமி. "கோட்டைமேட்டுக்கு லெட்டரு குடுத்தனுப்பற தூரமாங்க இது? ஏறி உக்காருங்க, உங்களையே கொண்டுபோயி உட்டர்றனுங்க" என்கிறார். பதில் வாங்கி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நான் வரலாமா, இப்படியே திரும்புவது நல்லதா, சொல். உடனே சொல்.

இல்யாஸ்


(அதே தாளின் பின்பக்கம்)

மச்சான்,

வஅலைக்கும் ஸலாம். அரிசி கழுவின கையோடு எழுதுகிறேன், எழுத்து கலைந்திருக்கும்.

பெயரைச் சொல்லாமல் நிக்காஹ் ஆகாது. நாக்கு நின்றால் நிற்கட்டும். ஹஜ்ரத் காத்திருப்பார். மாப்பிள்ளைக்கு அவசரமில்லை, அவன் இருக்கிற பயத்தில் அவன் நாக்கும்தான் நிற்கப் போகிறது. நாலு வருஷம் நாங்கள் காத்திருந்தோம், சபை நீங்கள் எச்சில் விழுங்கி முடிக்கிறவரை காத்திருக்காதா?

உங்கள் கடிதத்தை யுஸ்ரா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தாள். "எந்த பிளாட்பாரம்?" என்று மட்டும் கேட்டாள். ஆட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. ஃபர்சானா ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டாள். இரண்டு கையிலும் ஈர மருதாணி. எதையும் பிடிக்க முடியாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக வந்துகொண்டிருக்கிறாள். விழாமல் வந்து சேர வேண்டும்.

உங்களைப் பார்த்ததும் கையை நீட்டுவாள். பிடித்துவிடாதீர்கள், மருதாணி கலைந்துவிடும். அவள் கூப்பிட்டதும் எழுந்து கூட வாருங்கள்.

ரம்ஜான்